ஏலாதா, வேணாமா?

கிண்ணியாவில் ஓர் ஆண் திடீரென்று குறைவாக உழைக்கத் தொடங்கினால் அதற்கு மூன்றே காரணங்கள்தான் இருக்க முடியும்: நோய், கடன், அல்லது இன்னொரு கலியாணம். ஸஜ்ஜாத் தன்னுடைய பெரிய வேனை விற்ற கிழமையே ஒழுங்கையில் இருந்தவர்கள் மூன்றையும் எடுத்துப் பரிசோதிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் நோய். பக்கத்து வீட்டு ஹுஸ்னியா மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "மச்சி, ஸஜ்ஜாத் காக்காக்கு சீனி எவ்வளவுல நிக்கிது?" என்று கேட்டாள்.

"சீனி போத்தலுக்குள்ளதான் நிக்கிது" என்றாள் ஸஜ்ஜாத்தின் மனைவி நஜ்முன் நிஸா.

அடுத்தது கடன். சந்திக் கடைக்காரர் சாமானைக் கட்டிக்கொடுக்கும்போது, "காசு மறுகா தாங்களேன்" என்று தானாகவே சொன்னார். இருபது வருசமாக ஒரு நாளும் அப்படிச் சொல்லியறியாத வாய் அது. நிஸா கையிலிருந்த காசை எண்ணாமலே மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

கடைசியில் சனம் மூன்றாவது காரணத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு ஸஜ்ஜாத் சைக்கிளில் எங்கே போகிறார் என்று ஒழுங்கைப் பெண்கள் முறைபோட்டுக் கவனித்தார்கள். அவர் பாலத்தடிக்குப் போய்த் தூண்டில் போட்டார். அங்கே ஒரு பெண்ணும் வரவில்லை. சில நாட்களில் மீனும் வரவில்லை.

ஒருவருக்கும் தோன்றாத நாலாவது காரணம் ஒன்று இருந்தது. மனிதருக்குப் போதும் என்று பட்டுவிட்டது. இதை வெளியில் சொல்வதைவிட, சீனி வியாதி முற்றிவிட்டது என்று சொல்வது நிஸாவுக்கு எவ்வளவோ மரியாதையாக இருந்திருக்கும். நோயாளி வீட்டுக்குச் சனம் சூப்பாவது கொண்டுவரும்.

ஸஜ்ஜாத் முன்பெல்லாம் இப்படி இல்லை. இரண்டு வேன் வைத்து ஓடிய ஆள். கட்டாருக்குப் போகிறவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்குவார். கட்டாரிலிருந்து வருகிறவர்களை அட்டைப்பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு திரும்புவார். வீட்டுக்கு வந்தால் சாவியை இடக்கையில் பிடித்தபடியே சோறு தின்பார். மகள் றிஷானா எத்தனையாம் வகுப்பு என்று யாராவது கேட்டால் எப்போதும் ஒரு வகுப்புக் குறைத்துத்தான் சொல்லுவார். ஊரில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது: உழைப்பாளி.

இடையில் ஒரு தொண்டு நிறுவனம் அவருடைய வேனை மாதக்கணக்கில் வாடகைக்குப் பிடித்திருந்தது. நிலாவெளியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் 'நிலைபேறான வாழ்வு' என்று கருத்தரங்கு. ஏசி மண்டபத்தில், ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலை முன்னால் வைத்துக்கொண்டு, பூமிக்குப் பாரமில்லாமல் வாழ்வது எப்படி என்று பேசினார்கள். வந்திருந்தவர்கள் கேட்டார்கள், கைதட்டினார்கள், பஃபே சாப்பிட்டார்கள், பெயர் அச்சடித்த பை ஒன்றையும் தோளில் கொழுவிக்கொண்டு போனார்கள். பகல் சாப்பாட்டுக்காகக் கடைசிக் கதிரையில் குந்தியிருந்த சாரதி மட்டும் அதை மெய்யென்று நம்பிவிட்டார். நடத்தியவர்கள் இப்படியொரு விபத்து நடக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

விதை போட்டது அந்தக் கருத்தரங்கு; தண்ணீர் ஊற்றியது நாடு. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாடு வங்குரோத்தாகி, பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, காஸ் இல்லை என்று வந்தபோது இலங்கை முழுவதுமே நிலைபேறான வாழ்வுக்கு மாறியது. சனம் நடந்தது, சைக்கிள் மிதித்தது, விறகில் சமைத்தது. நடப்பதால் இருதயத்துக்கு வரும் நன்மைகளை டீவியில் விளக்கினார்கள். டீசல் வந்ததும் நாடு அந்தக் கொள்கையைக் கைவிட்டது. ஸஜ்ஜாத் கைவிடவில்லை. இரண்டு வேனும் முற்றத்தில் சும்மா கிடந்த அந்த மாதங்களில் அவர் நேரத்துக்கு நித்திரை கொண்டிருந்தார், மகளோடு கதைத்திருந்தார், மனைவி சமைப்பதைக் கிட்ட நின்று பார்த்திருந்தார். உதவி செய்தார் என்று சொல்ல முடியாது. பார்த்தார்.

ஒரு நாள் குசினி வாசலில் நின்று கேட்டார்: "நிஸா, நாம சாகல்லத்தானே?"

"இல்ல."

"அப்ப இவ்வளவு நாளும் அந்த ஓட்டம் ஓடினது எதுக்கு?"

அதற்கு அவள் அப்போதே ஒழுங்கான பதிலொன்றைச் சொல்லி வாயை அடைத்திருக்க வேண்டும். விறகு புகைந்துகொண்டிருந்தது, கண் எரிந்தது, விட்டுவிட்டாள். அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறாள்.

பெரிய வேன் பாலையூற்றில் ஒருவருக்குப் போனது. சின்ன வேன் கிழமையில் நாலு நாள் மட்டும் ஓடியது. மற்ற நாட்களுக்கு வாடகை ஹயர் கேட்டு வந்தவர்களை ஸஜ்ஜாத் வேறு சாரதிகளிடம் அனுப்பிவைத்தார். அவர் மூளை சரியாகத்தான் இருக்கிறது என்று ஊரில் சாட்சி சொன்னவர்கள் அந்தச் சாரதிகள் மட்டும்தான். பிறகு அறையிலிருந்த ஏசி போனது. கடைசியில் மனிதர் உடுப்புத் துவைக்கிற மெஷினில் கண் வைத்தார்.

வேறு ஊரென்றால் பெண்சாதி, "உம்மா வீட்ட போறன்" என்று பெட்டியைக் கட்டுவாள். கிண்ணியாவில் அந்த மிரட்டல் செல்லாது. இங்கே வீடு பெண்ணுக்கு எழுதப்படுவது; மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பவர். நிஸா மெஷினுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இது என்ட வாப்பா கட்டித் தந்த வீடு. மெஷின் கேட்டுக்கு வெளிய போனா, அதுக்குப் பக்கத்துல நீங்களும் நிப்பீங்க."

மெஷின் தப்பியது. ஸஜ்ஜாத் கொள்கையைக் காப்பாற்றுவதற்காகத் தன்னுடைய சாரங்களை மட்டும் கிணற்றடியில் கையால் துவைத்தார். றோட்டால் போகிறவர்களுக்கு நன்றாகத் தெரிகிற பக்கமாகப் பார்த்துத் துவைத்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விசயங்கள்தான், றிஷானாவுக்குக் கலியாணம் பேசும்வரைக்கும்.

மாப்பிள்ளை தோப்பூர். பெயர் நஸ்ரி. துறைமுகத்தில் ஒரு கம்பனியில் கிரேன் ஓட்டுகிறவன். றிஷானா பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். நஸ்ரியின் பெயர் வீட்டில் அடிபட்டால், கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவுவாள். தாய்க்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. இந்தச் சம்பந்தம் முடியவேண்டும் என்று நிஸா தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. மார்க்கம் தெரிந்தவர்கள் சீதனம் கேட்பார்களா? நஸ்ரியின் தாய் ஆமினா உம்மா முதல் தடவை வந்தபோது அண்ணாந்து பார்த்து, "கூரைக்குக் கொங்கிரீட் தட்டு நல்ல பலமாத்தான் போட்டிரிக்கி. மேல எழுப்பினாலும் தாங்கும்" என்று மட்டும்தான் சொன்னார். கேட்டது அவ்வளவுதான். மகளுக்கு மேல்வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதை இதைவிட மரியாதையாக ஒருவர் சொல்ல முடியாது.

ஸஜ்ஜாத்துக்கு மரியாதை விளங்கவில்லை. "நாலு அறை. இரிக்கிறது மூண்டு பேர். நாலாவது அறையில அட்டைப்பெட்டி குடியிரிக்கி. அந்தப் பெட்டியள எறிஞ்சா மாப்பிள்ள இரிக்கலாம். எறியாம, மேல வீடு கட்டச் சொல்லுறியா?"

"ஊர் உலகத்துல எல்லாரும் கட்டுறாங்க."

"கட்டிப்போட்டு, மறுகா பதினைஞ்சு வருசம் அவங்க நித்திரையில்லாம ஓடுறாங்க. நானும் அப்பிடித்தான் ஓடினனான்."

ஆமினா உம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நிஸா யோசித்துக்கொண்டிருக்கும்போதே நோன்பு வந்துவிட்டது. நோன்போடு சேர்ந்து பக்கீர் ஹாஜியாரும் வந்தார்.

வசதியுள்ளவர்கள் கொடுக்கிற ஸகாத்தைச் சேர்த்து ஏழைகளுக்குப் பங்கிடும் பள்ளிவாசல் கமிட்டியின் தலைவர் அவர். ஒரு பின்னேரம் இரண்டு வாலிபர்களோடு கேட்டடியில் வந்து நின்றார். ஒருவனுடைய தலையில் பெரிய உலர் உணவுப் பொதி. மற்றவனுடைய கையில் ஃபோன். ஸஜ்ஜாத் வீட்டில் இல்லை. பள்ளிவாசல் வேலையாக வேனில் ஏற்ற வேண்டிய சாமானாக்கும் என்று நினைத்து நிஸா கேட்டைத் திறந்தாள்.

"வேன் இன்னும் வரல்ல ஹாஜியார். வெச்சிட்டுப் போங்க, வந்ததும் ஏத்தச் சொல்லுறன்."

"ஏத்த வேணாம் மகள். இது உங்களுக்கு."

"எங்களுக்கா? எங்களுக்கு வேணாம்!"

"வெக்கப்படாதீங்க. ஏலாத நேரம் எண்டு எல்லாருக்கும் ஒண்டு வரும்."

"ஹாஜியார், நோன்பு பிடிச்சிரிக்கன், பொய் சொல்லல்ல. மெய்யா வேணாம்."

ஹாஜியார் பக்கத்தில் நின்ற வாலிபனைப் பார்த்துத் தலையாட்டினார். "பாத்தியா? நல்ல குடும்பத்து ஆக்கள் இப்பிடித்தான். ஏலாது எண்டு சொல்ல வாய் வராது. வேணாம் எண்டுதான் சொல்லுவாங்க."

நிஸாவுக்கு விளங்கிவிட்டது. வேணாம் என்று எத்தனை தரம் சொன்னாலும் அது இந்த மனிதரின் காதில் ஏலாது, வசதி இல்லை என்றுதான் போய் விழப்போகிறது. கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

"போன கிழமைதானே அவரு உங்கட கையில ஸகாத் குடுத்தவரு!"

"அதத்தான் மகள் நானும் சொல்லுறன்!" என்றார் ஹாஜியார். "கையில இல்லாம இரிக்கக்குள்ளயும் மனுசன் ஸகாத்த விடல்ல. கமிட்டியில அத நினைச்சு நான் அழுதிட்டன்."

பொதி அவளுடைய கையில் ஏறிவிட்டது. ஃபோன் 'டிக்' என்றது.

மறைவாகக் கொடுக்கும் தர்மமே சிறந்தது என்று வெள்ளிக்கிழமைதோறும் வலியுறுத்துகிறவர் ஹாஜியார். ஆகவே ஃபேஸ்புக்கில் போட்ட படத்தில் நிஸாவின் முகத்தைக் கவனமாக அழித்திருந்தார்கள். 'பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு குடும்பத்துக்கு' என்று கீழே எழுதியும் இருந்தார்கள். அவளுக்குப் பின்னால் கேட்டும், கேட்டில் இரும்பெழுத்தில் 'ஸஜ்ஜாத் மன்ஸில்' என்ற பெயரும் பளிச்சென்று விழுந்திருந்தன. வீடு அவளுடையது, கேட்டில் மட்டும் மனிதருடைய பெயர்.

ஸஜ்ஜாத் வந்து பொதியைப் பிரித்துப் பார்த்தார். "பாரு நிஸா, ஒரு கிலோ மாவுக்கு மூண்டு பொலித்தீன்."

"இப்ப இதுதான் உங்கட கவலையா?"

"பருப்பு நல்ல பருப்பு." சொல்லிவிட்டு, நோன்பு திறக்கும் முன்னமே அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுபோய், புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு இருக்கிற ஒருத்தியின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். பொதி வீட்டை விட்டுப் போனது. படம் போகவில்லை. அது தோப்பூர்வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

றிஷானா ஃபோனோடு குசினிக்குள் வந்தாள். "உம்மா, நஸ்ரிட உம்மா அந்தப் படத்துக்கு அழுற முகம் போட்டிரிக்கா."

பெருநாளுக்கு மறுநாள் ஆமினா உம்மா ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார். ஸஜ்ஜாத் ஸலாம் சொன்னார், கதிரையை இழுத்துப் போட்டார், பிறகு பெண்கள் கதைக்கட்டும் என்று மிகுந்த பெருந்தன்மையோடு பின்பக்கம் போய்விட்டார். கொள்கை அவருடையது, அதை மாப்பிள்ளை வீட்டாருக்கு விளக்குகிற வேலை மனைவியுடையது. அறைத் திரைக்குக் கீழே றிஷானாவின் பாதங்கள் இரண்டும் தெரிந்தன.

நிஸா வட்டிலப்பம் வைத்தாள். ஆமினா உம்மா அதைத் தொடாமல் அவளுடைய கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, நான் சண்ட பிடிக்க வரல்ல. நானும் ஏலாம இரிந்து வந்தவதான். மூத்தவன் பிறக்கக்குள்ள எங்கட வீட்டுல ஒரு கதிரை இல்ல. உங்களுக்கு ஏலாதெண்டா ஒரு சொல் சொல்லுங்க. மேல்வீட்டுக் கதையே வேணாம். ஏலாத வீட்டுல பொண் எடுக்கிறது எவ்வளவு நன்மை. நான் சந்தோசமா எடுப்பன்."

நல்ல மனுசி. அதுதான் கஷ்டம். கெட்ட மனுசியாக இருந்திருந்தால் நிஸா இரண்டே வார்த்தையில் அனுப்பியிருப்பாள்.

ஏலாது. ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் மகளுக்கு நஸ்ரி கிடைப்பான், ஆமினா உம்மாவுக்கு நன்மை கிடைக்கும், ஒழுங்கைக்கு விடை கிடைக்கும், ஸஜ்ஜாத்துக்கும் மாடி கட்டுகிற தொல்லை இல்லை. எல்லாருக்கும் வசதியான பொய். திரைக்குக் கீழே இருந்த பாதங்களில் ஒன்று மற்றதை மிதித்துக்கொண்டிருந்தது.

நிஸா வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.

கட்டுநாயக்கா ஹயர் ஓடிய காலம் முழுவதும் அவள் தலையணைக்குக் கீழே ஃபோனை வைத்துக்கொண்டு, அது அடித்துவிடுமோ என்று பாதிக் கண்ணோடு படுத்தவள். ஹபரணைப் பக்கம் வேன் பிரண்டது என்று எவருடைய செய்தி வந்தாலும் எழும்பி உட்கார்ந்துவிடுவாள். இப்போது அவள் விடியும்வரைக்கும் ஒரே நித்திரையாகத் தூங்குகிறாள். இதை அவள் ஸஜ்ஜாத்திடம் சொன்னதில்லை. சொன்னால் மனிதர் அதையும் ஒரு கருத்தரங்காக்கிவிடுவார். ஆனால் அந்த நித்திரைக்கு ஏலாமை என்று பெயர் வைக்க அவளால் முடியவில்லை.

"ஏலும் ராத்தா" என்றாள்.

"என்ன?"

"எங்களுக்கு ஏலும். காக்காமுனையில காணி ஒண்டு கிடக்கு. வித்தா மேல்வீடும் கட்டலாம், டைல்ஸும் பதிக்கலாம். நாங்கதான் கட்டல்ல."

ஆமினா உம்மா பிடித்திருந்த கையை விட்டார். "ஏலுமெண்டா ஏன் கட்டல்ல?"

"நாலு அறை இரிக்கி. மூண்டு பேர் இரிக்கம். உங்கட மகன் வந்தா நாலு பேர். மேல யாரு இரிக்கிற?"

"அந்தப் பொதி?"

"அது ஹாஜியாருக்குக் காது கேளாம வந்தது."

ஆமினா உம்மா அண்ணாந்து மேல் தட்டைப் பார்த்தார். அவருக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். "ஏலாத ஆளுக்கு விட்டுக்குடுத்தா எனக்கு நன்மை. ஏலுமான ஆளுக்கு விட்டுக்குடுத்தா எனக்கு என்ன கிடைக்கும், சொல்லுங்க பாப்பம்? விசரி எண்டுதான் பேர் கிடைக்கும். நாலு பேர் என்ன கதைப்பாங்க?"

"கதைப்பாங்க ராத்தா. எங்கட ஒழுங்கையில ரெண்டு மூண்டு வருசமாக் கதைக்கிறாங்க. கொஞ்சம் பழகணும்."

ஆமினா உம்மா வட்டிலப்பத்தை எடுத்து, கோபத்தோடு கடைசித் துண்டுவரைக்கும் தின்றார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "வாறன்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

ஆட்டோ போன பிறகுதான் றிஷானா வெளியே வந்தாள். "ஏலாது எண்டு ஒரு சொல்லுத்தானே உம்மா. சொன்னா என்ன குறைஞ்சிரும்?"

"சொல்லியிருந்தா அவன் வந்திரிப்பான். வந்து, ஒவ்வொரு பெருநாளைக்கும் அவன்ட ஆக்கள் உன்னப் பொதியப் பாக்கிற மாதிரிப் பாத்திரிப்பாங்க. முகத்த அழிச்சுப் போட்டு."

"இப்ப வராமலே போகப் போறான்."

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பின்பக்கத்தால் வந்த ஸஜ்ஜாத், எல்லாவற்றையும் கேட்டிருந்த முகத்தோடு, "நல்லாச் சொன்ன நிஸா" என்றார்.

"உங்களுக்காகச் சொல்லல்ல" என்று அவள் சீறினாள். "இண்டையிலிரிந்து அவ சோறு தின்னாட்டி நீங்கதான் தீத்தணும்."

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் பேச்சுக் குறைந்திருந்தது. கொள்கைப்படி பார்த்தால் அதுவும் ஒரு சிக்கனம்தான். றிஷானா பாலர் பாடசாலைக்குப் போனாள், வந்தாள், கோப்பையை ஒரு தரம்தான் கழுவினாள். எந்தச் சொல்லைச் சொன்னோம், எந்தச் சொல்லை விட்டோம் என்று நிஸா திரும்பத் திரும்ப யோசித்தாள். இனிமேல் ஆமினா உம்மாவே வந்து கேட்டாலும் திருத்திச் சொல்ல முடியாத விசயம்.

ஆமினா உம்மா வரவில்லை. ஃபோன் எடுத்தார். ஸலாம் சொல்லி முடித்த உடனேயே தொடங்கிவிட்டார்.

"தங்கச்சி, உங்கட வீட்டுக் கதையப் போய் என்ட மகனிட்ட சொன்னன். மேல்வீடு இல்லையாம், வேற இடம் பாப்பம் எண்டன். அந்தச் சீதேவி என்ன சொன்னான் தெரியுமா? மேல்வீடெண்டா ரெண்டு ஏசி, மேல தண்ணி ஏத்த மோட்டர், கரண்ட் பில் யாரு கட்டுற, நீங்களா உம்மா எண்டு கேக்கிறான்! கீழ் அறை போதுமாம். கஞ்சன் தங்கச்சி, கஞ்சன். அவன்ட வாப்பா மாதிரியே வந்து வாய்ச்சிரிக்கான்."

நிஸா சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்ப ராத்தா..."

"அப்ப என்ன, பேசி முடிப்பம். ஆனா ஒண்டு. அட்டைப்பெட்டி கிடந்த அறையில என்ட மகன் படுக்க மாட்டான். முன் அறை. றோட்டுப் பக்கத்துப் பெரிய அறை. அது அவங்களுக்கு."

அது நிஸாவுடைய அறை. கலியாணமான நாளிலிருந்து அவள் படுக்கிற அறை. காற்று வருகிற ஒரே அறையும் அதுதான். மேல்வீடு கட்டியிருந்தால் அது அவளுக்கே இருந்திருக்கும். குறைத்துக்கொள்கிறவர் ஸஜ்ஜாத், குறைகிறது பார்த்தால் எப்போதும் தன்னுடைய சாமானாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. "ஓம் ராத்தா" என்றாள்.

றிஷானாவுக்குச் செய்தியைச் சொன்னபோது அவள் தாயைக் கட்டிப்பிடித்தாள், பிறகு வெட்கப்பட்டு ஃபோனோடு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

ஸஜ்ஜாத்திடம் நிஸா, "மாப்பிள்ளைக்கு மேல்வீடு வேணாமாம். கீழ் அறை போதும் எண்டிரிக்கான்" என்று மட்டும் சொன்னாள். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஹயர் இல்லாத நாள். சந்திக்குப் போனார், கடைக்காரரிடம் சொன்னார், பாலத்தடியில் தூண்டில்காரர்களிடம் சொன்னார், மதிலுக்கு அப்பால் நின்ற ஹுஸ்னியாவிடமும் சொன்னார்: இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு விளங்குது, நாங்கள்தான் பிழையாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

திரும்பி வந்தபோது நிஸா முன் அறையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். நாலாவது அறையிலிருந்த அட்டைப்பெட்டிகள் விறாந்தையில் குவிந்து கிடந்தன.

"பாத்தியா நிஸா? நாம வாழுறதப் பாத்து ஒருத்தனுக்காவது உள்ளுக்குப் பட்டிரிக்கி. அவன் வரட்டும், நான் இரிந்து ஆறுதலாக் கதைக்கணும்."

கரண்ட் பில் கதை அவளுடைய நாக்கு நுனியில் வந்து நின்றது. மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இருபது வயது குறைந்த ஆளைப் போல நின்றார்.

"ஓம், நல்ல பொடியன்தான்" என்றாள். "அந்தப் பக்கம் பிடிங்க. கட்டிலத் தூக்குவம்."